ஸ்டீயரிங் திடீர்னு இறுகுதா? 'பம்ப் போயிருச்சு'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திருப்பூரில் கார் ஓட்டுபவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. காதர்பேட்டைப் பக்கம் ஒரு குறுகலான சந்து. எதிரே துணி ரோல் ஏற்றிய மினி டெம்போ. பின்னால் ஹாரன் அடிக்கும் டூவீலர் வரிசை. ரிவர்ஸ் எடுத்து, வலது பக்கம் முழுசாக ஒடித்து, முன்னால் நகர்த்தி, இடது பக்கம் ஒடித்து... நாலாவது ஒடிப்பில் ஸ்டீயரிங் கல்லு மாதிரி இறுகிவிடுகிறது. டாஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு எரிகிறது. எப்படியோ இழுத்து ஓரமாக நிறுத்தி, டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால், எதுவுமே நடக்காத மாதிரி லேசாகத் திரும்புகிறது!

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பம்ப் போயிருச்சுங்க, புதுசு போட்டுக்கலாம்." அந்தப் புதுசுக்கு ஐந்து இலக்கத் தொகை ஆகும். பிரச்சினை என்னன்னா, பல நேரங்களில் பம்ப் போகவே இல்லை. சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது ஓய்வு எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். சூட்டுக்கான காரணம் வேறெங்கோ இருந்தால், புதுப் பம்பும் கொஞ்ச நாளில் அதே மாதிரிதான் நிற்கும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'பம்ப் போயிருச்சா?' என்பது இல்லை. 'பம்ப் ஏன் சூடாகுது?' என்பதுதான். அதற்கு விடை கண்டுபிடிப்பது எப்படி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், உங்க வண்டியில் இருப்பது எந்த ஸ்டீயரிங்?

பவர் ஸ்டீயரிங்கில் மூன்று வகை உண்டு.

முதலாவது, பழைய ஹைட்ராலிக் வகை. என்ஜினோடு பெல்ட்டில் இணைந்த பம்ப், ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்பும். என்ஜின் சுற்றும்வரை பம்பும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, முழு எலக்ட்ரிக் வகை. இதில் ஆயிலே கிடையாது. ஸ்டீயரிங் தண்டிலோ ரேக்கிலோ இருக்கும் மின்மோட்டார் நேரடியாக உதவும். இன்றைக்கு வரும் பெரும்பாலான கார்களில் இதுதான்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எலக்ட்ரோ ஹைட்ராலிக் வகை. திருப்புவதற்கு உதவுவது ஆயில் அழுத்தம்தான். ஆனால் பம்பைச் சுற்றுவது என்ஜின் பெல்ட் இல்லை, பேட்டரியில் ஓடும் தனி மின்மோட்டார். ஸ்கோடா ஃபேபியாவிலும், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரான ரெனால்ட் டஸ்டரின் சில மாடல்களிலும் இந்த வகை வந்தது. செகண்ட் ஹேண்டில் இப்படிப்பட்ட வண்டி வாங்கியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்குத்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருக்கிறது, ஆனால் அந்தப் பம்புக்கு பெல்ட் எதுவும் போகவில்லை, பதிலாகத் தடிமனான மின்வயர் போகிறது என்றால் அது எலக்ட்ரோ ஹைட்ராலிக்தான். சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்க.

இது எப்படி வேலை செய்யுது?

கொங்கு மண்டலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப ஈசி. தோட்டத்து போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்க.

போர்வெல்லில் மோட்டார், பம்ப் இரண்டும் ஒரே தண்டில் இருக்கும். மேலே ஸ்டார்ட்டர் பெட்டி. தண்ணீர் வற்றினாலோ, வோல்டேஜ் இறங்கினாலோ, பம்புக்குள் மண் சிக்கினாலோ மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும் அல்லது சூடாகும். உடனே பெட்டியில் இருக்கும் ரிலே 'டிரிப்' ஆகிவிடும். டிரிப் ஆனதற்காக யாரும் அன்றைக்கே மோட்டாரைத் தூக்கி எறிவதில்லை. முதலில் தண்ணி இருக்கா, வோல்டேஜ் வருதா, கேபிள் சரியா இருக்கா என்றுதான் பார்ப்போம்.

காரிலும் அதே கதைதான். மின்மோட்டார், ஆயில் பம்ப், கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ் மூன்றும் பெரும்பாலும் ஒரே அலகாக இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறீர்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்ற இரண்டையும் வைத்து, பம்ப் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று எலக்ட்ரானிக்ஸ் முடிவு செய்யும். அவிநாசி ரோட்டில் நேராகப் போகும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும். பார்க்கிங்கில் ஒடிக்கும்போது முழு வேகத்தில் சுற்றும்.

வெப்பநிலையையும் கரண்டையும் அதே எலக்ட்ரானிக்ஸ் கண்காணிக்கிறது. வரம்பைத் தாண்டினால் முதலில் உதவியைக் குறைக்கும். அப்புறமும் சூடு ஏறினால் முழுசாக நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி தொடங்கும். டீ குடித்துவிட்டு வந்ததும் ஸ்டீயரிங் 'தானாகச் சரியானதன்' ரகசியம் இதுதான்.

சூடு எங்கிருந்து வருது?

இரண்டு சின்னக் கணக்குகள் போட்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

முதல் கணக்கு, ஆயில் பக்கம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடிக்கிறீர்கள். சக்கரம் இதற்கு மேல் திரும்பாது. பம்ப் தள்ளும் ஆயிலுக்குப் போக இடமில்லை. அதனால் பாதுகாப்பு வால்வு திறந்து ஆயில் சுற்றி வந்துவிடும். அழுத்தம் 100 பார், ஓட்டம் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் செலவாகும் சக்தி 1,000 வாட். பக்கெட்டில் வெந்நீர் போடுகிற ராடு அளவுக்கு! அது எந்த வேலையும் செய்யாமல் அப்படியே சூடாக மாறுகிறது. அமைப்பில் இருப்பதோ சுமார் ஒரு லிட்டர் ஆயில். 10 விநாடி பிடித்தால் ஆயில் மட்டுமே ஏறக்குறைய 6 டிகிரி ஏறிவிடும். சில வண்டிகளில் இந்த நிலையை உணர்ந்து பம்ப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் கடைசி வரை ஒடித்துப் பிடிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இரண்டாவது கணக்கு, கரண்ட் பக்கம். முழு லோடில் இந்த மோட்டார் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 60 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குப் போகும் கனெக்டரில் துருவோ பச்சைப் பாசமோ பிடித்து வெறும் 0.02 ஓம் தடை கூடிவிட்டது. சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் கண்ணில் படாத அளவு அது. ஆனால் 60 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 1.2 வோல்ட் காணாமல் போகும், 72 வாட் சூடு உருவாகும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் கிட்டத்தட்ட மூன்றை ஒரே கனெக்டரில் வைத்தது மாதிரி! அதோடு, வோல்டேஜ் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். சூடு சூட்டை வளர்க்கும்.

பம்ப் குற்றவாளியா, மாட்டிக்கிட்ட ஆளா?

இந்தக் கேள்விக்கு உலக அளவில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

2010 ஆகஸ்டில் மஸ்டா நிறுவனம், மஸ்டா 3, மஸ்டா 5 கார்களில் 2007 முதல் 2009 வரையிலான மாடல்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. எண்ணிக்கை சுமார் 2,15,000. ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் ஸ்டீயரிங் உதவி நின்றுவிடுகிறது என்பதுதான் புகார். பார்த்தால் மூலக்காரணம் பம்பில் இல்லை. உயர் அழுத்தக் குழாயின் உள்ளே உருவான துரு, துகளாக உதிர்ந்து ஆயிலோடு பம்புக்குள் போயிருக்கிறது. அது பம்பைச் சிரமப்படுத்த, கட்டுப்பாட்டு அமைப்பு உதவியை நிறுத்திவிட்டது. குழாயைக் கவனிக்காமல் பம்பை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

இன்னொன்று மினி கூப்பர். 2002 முதல் 2005 வரையிலான மாடல்களில் எலக்ட்ரோ ஹைட்ராலிக் ஸ்டீயரிங் திடீரென உதவியை நிறுத்துவதாகப் புகார்கள் வர, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2010-ல் விசாரணை தொடங்கியது. 2015-ல் சுமார் 86,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தக் காரில் பம்பைக் குளிர்விக்கவே அடியில் ஒரு குட்டி ஃபேன் உண்டு. சாலைக் குப்பையும் கல்லும் சிக்கி அந்த ஃபேன் நின்றுபோவதும், அதனால் பம்ப் சூடாவதும் மினி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான விஷயம்.

முதல் உதாரணத்தில் ஆயிலுக்குள் அழுக்கு. இரண்டாவதில் வெளியே குப்பை. பஞ்சும் தூசியும் பறக்கும் நம் ஊருக்கு இரண்டுமே பொருந்தும்.

சூட்டுப் பிரச்சினைதானா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

பழுது எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் இதை மொபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

- கொஞ்ச நேரம் பார்க்கிங், யூ டர்ன் என்று நிறைய ஒடித்த பிறகு இறுகுது, ஆறினால் சரியாகுது: சூட்டுப் பிரச்சினை.
- காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே இறுக்கமாக இருக்குது: சூடு இல்லை. ஃப்யூஸ், பேட்டரி, வயரிங், சென்சார் பக்கம் பாருங்க.
- பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் போய்ப் போய் வருது: கனெக்டர் லூஸாக இருக்க வாய்ப்பு.
- ஒடிக்கும்போது 'ங்ங்ங்' என்று முனகுது, ஆயிலில் நுரை தெரியுது: ஆயில் குறைவு அல்லது காற்று புகுந்திருக்கு. கவனிக்காமல் விட்டால் இதுவே சூட்டுப் பிரச்சினையாக மாறும்.
- ஒரு பக்கம் லேசா, இன்னொரு பக்கம் கனமா திரும்புது: டயர், ரேக், சஸ்பென்ஷன் பக்கம் சந்தேகப்படலாம்.

சூடு எந்த இடத்தில் இருக்குது?

இது பலரும் தவற விடும் படி. 'பம்ப் சூடா இருக்கு' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்தப் பாகம் முதலில் சூடாகிறது என்பதுதான் துப்பு.

இதற்கு ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது வேண்டாம், அது உடல் சூட்டுக்கு மட்டும்தான். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் வகை வேண்டும். உங்க கம்பெனி மெயின்டனன்ஸ் பிரிவிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்க. பளபளப்பான உலோகத்தில் இது தப்பான அளவு காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளக்கணும்.

வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து முறை ஒடித்த பிறகு மூன்று இடங்களில் அளந்து பாருங்க. கையை ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

- ஆயில் டப்பா, குழாய், பம்ப் எல்லாமே சேர்ந்து சூடு: ஆயில் பக்கப் பிரச்சினை. அழுக்கு ஆயில், அடைப்பு, அல்லது சக்கரம் திரும்பவே சிரமப்படுவது. வேலை செய்யும்போது ஆயில் 80 டிகிரி செல்சியஸ் வரை போவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. 120-ஐத் தொட்டால் ஆயிலும் ரப்பர் சீல்களும் கெடத் தொடங்கும்.
- ஆயில் மிதமாக இருக்கு, மோட்டார் உடம்பு மட்டும் கொதிக்குது: மோட்டார் பேரிங், காயில், அல்லது மோட்டாருக்குக் காற்றோட்டம் இல்லாதது. இங்கேதான் பம்ப் அலகின் மேல் சந்தேகம் நியாயமாகிறது.
- கனெக்டரோ, வயர் முனையோ, ஃப்யூஸ் பெட்டியோ மட்டும் சூடு: மின்இணைப்பு சரியில்லை. மேலே போட்ட இரண்டாவது கணக்கு.

செலவில்லாததிலிருந்து செலவானது வரை: பார்க்க வேண்டிய வரிசை

1. ஆயில். டப்பாவில் அளவு குறைந்திருந்தால், ஆயில் 'தீர்ந்துபோகவில்லை', எங்கோ கசிந்திருக்கிறது. ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் பூட் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. ஒரு துளியை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்க. வெட்டுத் துணிக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன! கறுத்துப்போய், கருகிய வாடை அடித்தால் ஆயில் சூட்டில் வெந்திருக்கிறது. வெளிச்சத்தில் மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் பம்போ ரேக்கோ உள்ளே தேய்கிறது.

ரொம்ப முக்கியம்: எந்த ஆயில் என்பதை டப்பா மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பார்கள். சில வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப், சிலவற்றுக்குப் பச்சை நிற சிந்தெட்டிக் ஆயில். 'எல்லாம் பவர் ஆயில்தானே' என்று கலந்து ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகலாம். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. ஆயில் மாற்றினால் காற்றையும் முறையாக வெளியேற்றணும். காற்றுக் குமிழி கலந்த ஆயில் பம்பைச் சரியாகக் குளிர்விக்காது, மசகும் போடாது.

2. காற்றோட்டம். இந்தப் பம்பை பல வண்டிகளில் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் பொருத்தியிருப்பார்கள். மழைத் தண்ணி, சேறு, தூசி எல்லாம் முதலில் அங்கேதான் வரும். நிட்டிங் யூனிட்டின் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் வண்டி நிற்கிறதா? கண்ணாடியில் படியும் பஞ்சு உள்ளேயும் படியும். கொஞ்சம் ஆயில் கசிவும் சேர்ந்தால் பம்பின் மேல் போர்வை போர்த்தின மாதிரிதான். சூடு வெளியேற வழியில்லை. போதாக்குறைக்கு, எண்ணெயில் ஊறிய பஞ்சு எவ்வளவு எளிதாகத் தீப்பிடிக்கும் என்பதை மில்லில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரஷ்ஷாலும் குறைந்த அழுத்தக் காற்றாலும் சுத்தம் செய்யணும். வாட்டர் சர்வீஸில் உயர் அழுத்தத் தண்ணீரை நேராகக் கனெக்டர் மேல் அடிக்கவிடாதீர்கள்.

3. சக்கரமும் ரேக்கும். முதலில் டயர் காற்று. காற்று குறைந்த டயரைத் திருப்பப் பம்ப் கூடுதல் வேலை செய்யணும். கம்பெனி சொன்னதைவிட அகலமான டயர் போட்டிருந்தாலும் அதேதான். அடுத்து, முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, என்ஜின் அணைந்த நிலையில் ஸ்டீயரிங்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீரான பாரமாக இருக்கணும். நடுவில் எங்காவது பிடித்தால் ஸ்ட்ரட் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட், ரேக் இவற்றில் ஒன்று மக்கர் பண்ணுகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

4. மின்சாரம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கணும். ஆனால் அது மட்டும் போதாது. சோதனை நடக்க வேண்டியது லோடில். ஒருவர் ஸ்டீயரிங்கை ஒடிக்க, இன்னொருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையைப் பம்ப் கனெக்டரின் பாசிட்டிவிலும் வைக்கணும். மீட்டர் காட்டுவதுதான் வழியில் காணாமல் போகும் வோல்டேஜ். அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரிங்கைச் சந்தேகப்படலாம். இதே மாதிரி எர்த் பக்கமும் பார்க்கணும். பெரும்பாலானவர்கள் எர்த்தை மறந்துவிடுகிறார்கள். துரு பிடித்த ஓர் எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதில் முடிந்துபோகக்கூடிய வேலைக்கு, புதுப் பம்ப் வாங்கியவர் ஆகிவிடாதீர்கள்.

5. ஸ்கேனர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் பழுதுகளை மட்டும்தான் படிக்கும். ஸ்டீயரிங் பகுதியைப் படிக்க அந்தக் கம்பெனிக்கு ஏற்ற ஸ்கேனர் வேண்டும். பழுதுக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், ஓடும்போது காட்டும் அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்க: மோட்டாருக்கு வரும் வோல்டேஜ், இழுக்கும் கரண்ட், வெப்பநிலை, பம்ப் வேகம். ஒடிக்காமல் சும்மா நிற்கும்போதே கரண்ட் அதிகமாக இருந்தால் பம்ப் உள்ளே சிக்குகிறது. எல்லாம் சரியாக இருந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பம்ப் மட்டும் ஸ்கேனரில் அளவுக்கு மீறிய சூட்டைக் காட்டினால், பழுது வெப்ப சென்சாரிலோ எலக்ட்ரானிக்ஸிலோ இருக்கலாம்.

இந்த ஐந்தும் முடிந்த பிறகும் மோட்டார் உடம்பு மட்டும் கொதிக்கிறது என்றால், சரி, அப்போது பம்பை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்படி மாற்றினாலும் பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றி, குழாயைக் கழுவி, டப்பாவின் அடியில் இருக்கும் வலையைச் சுத்தம் செய்யணும். இல்லையென்றால் பழைய பம்ப் உதிர்த்த துகளே புதுப் பம்புக்கு முதல் சாப்பாடு.

ஓடும்போது நின்னுட்டா என்ன பண்றது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்க. பவர் உதவி நின்றால் ஸ்டீயரிங் கழன்றுவிடாது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இயந்திர இணைப்பு அப்படியே இருக்கும். திருப்ப முடியும், ஆனால் கனமாக இருக்கும். ஆபத்து என்னன்னா, வளைவின் நடுவில் திடீரென கனமாகும்போது ஓட்டுநர் பதறிப்போய் போதுமான அளவு திருப்பாமல் விடுவது.

இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துத் திருப்புங்க. வேகத்தைக் குறைத்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு, ஓரம் கட்டுங்க. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்து 'ரீசெட்' பண்ண முயற்சிக்காதீர்கள். பிரேக்குக்கான உதவியும் குறையும், ஸ்டீயரிங் லாக்கும் விழலாம். ஆறியதும் சரியாகிவிடுகிறது என்பதற்காக நாள் கணக்கில் அப்படியே ஓட்டுவதும் வேண்டாம். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் சீல், காயில், எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றின் ஆயுளும் கொஞ்சம் குறைகிறது.

பில் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

'பம்ப் மாத்தணும்' என்று சொல்லும்போது கோபப்பட வேண்டாம், இந்த நான்கை மட்டும் கேளுங்க.

- ஒடிக்கும்போது மோட்டாருக்கு எத்தனை வோல்ட் வந்துச்சு, எத்தனை ஆம்பியர் இழுத்துச்சு?
- ஆயில் எப்படி இருந்துச்சு? கசிவு எங்கே?
- சக்கரத்தைத் தூக்கிக் கையால் திருப்பிப் பார்த்தீங்களா?
- கழற்றிய பழைய பம்பை என்கிட்டயே கொடுப்பீங்களா?

சோதித்துப் பார்த்த மெக்கானிக் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார். நல்ல மெக்கானிக்குகளுக்கு நம் பக்கம் குறைவே இல்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன கோவை பக்கத்திலேயே இருக்கிறது. பில்லில் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

இன்னொரு விஷயம். ஒரே மாடலில் பலருக்கும் இதே பழுது வந்தால், அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் வாகன உரிமையாளர்கள் புகாரைப் பதிவு செய்யலாம். மினி விவகாரத்தில் விசாரணை தொடங்கியதும் உரிமையாளர்கள் சும்மா இருக்காமல் புகார் செய்ததால்தான்.

கார் இல்லாதவங்களுக்கும் இது தேவையா?

தேவைதான். கார்களில் இந்த வகை குறைந்துகொண்டு வந்தாலும், கனரக வாகனங்களில் இதற்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. மின்பேருந்துகளிலும் மின்லாரிகளிலும் பெல்ட் போட என்ஜினே கிடையாது. அவ்வளவு எடையைத் திருப்ப ஹைட்ராலிக் பலமும் வேண்டும். அதனால் மின்மோட்டாரில் ஓடும் ஸ்டீயரிங் பம்ப் அவற்றில் பரவலாக இருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் தொடங்கி வைக்கப்பட்டன. அடுத்து மற்ற ஊர்களுக்கும், கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகளுக்கும் இந்த மாற்றம் வரும்போது, டிரைவர்களும் மெக்கானிக்குகளும் இதைத் தெரிந்துவைத்திருக்கணும். ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட வாகனங்களில் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். பயிற்சி இல்லாதவர்கள் தொடவே கூடாது.

தினமும் செய்யக்கூடியது என்ன?

வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், சக்கரம் கொஞ்சம் உருளும்போது ஒடியுங்க. பம்பின் வேலை சட்டென்று குறையும். கடைசி வரை ஒடித்தால் ஒரு நூல் அளவு பின்னால் விடுங்க. மாதம் ஒரு தடவை டயர் காற்றும் ஆயில் அளவும் பாருங்க. பஞ்சு பறக்கும் இடத்தில் வண்டி நிறுத்துபவர்கள் சர்வீஸுக்கு விடும்போது, 'பம்ப் பக்கம் சுத்தம் பண்ணிக் கொடுங்க' என்று வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லாவிட்டால் அந்த மூலையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டீயரிங் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தாலும் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைக் குறித்துவிடுங்க. மெக்கானிக்கின் கையில் ஸ்கேனர் இருக்கலாம். ஆனால் பழுது வந்தபோது சீட்டில் உட்கார்ந்திருந்தது நீங்கள் மட்டும்தான்.